ஒன்பது ஓரம்

கண்ணாடி அறுக்கிற வேலையில் ஏற்காட்டில் என்னைத் தாண்டி ஒருத்தன் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை. சேலத்திலிருந்து மலையேறி வந்து, எனக்கு எதிரிலேயே கடை போட்டு, ஆறே மாதத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போன மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள். வைரத்தை வைத்து ஒரே இழுப்பு. இரண்டாவது தடவை இழுக்கிறவன் கண்ணாடி அறுக்கிறவன் இல்லை, உடைக்கிறவன்.

பெயர் காளியண்ணன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பரீட்சை எழுதவில்லை. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கினார். அறுபத்தாறாம் வருஷம், இருபத்து நாலு வயதில், ஒரு வைரமும் ஒரு சுத்தியலும் பையில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இந்த ஊருக்கு வந்தேன். இன்றைக்கு ஏரியைச் சுற்றி இருக்கிற ஓட்டல்களில் நீங்கள் முகம் பார்க்கிற கண்ணாடியில் பாதி நான் மாட்டியது. மலையில் எந்த வீட்டுச் சாமி படத்தையும் திருப்பிப் பாருங்கள், பின்னால் என் கடைச் சீட்டு ஒட்டியிருக்கும். 'காளியண்ணன் கண்ணாடி, பிரேம் ஒர்க்ஸ், ஏற்காடு.' எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று அச்சுக்காரர் பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கினேன்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு தப்பு வெட்டு வெட்டினேன். அது தப்பு என்று தெரியவே பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. தெரிந்த பிறகு ஒரு நாள் கூட உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் சித்திரை கடைசி. ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் இருந்த வயசான துரை பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு அவர் தேசத்துக்குப் போனார். சாமானெல்லாம் ஏலம். கட்டில், மேஜைக்கு எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். நான் சுவரைப் பார்த்தேன். ஒன்பது பிரேம். அத்தனையும் பழைய தேக்கு, உள்ளே அலை இல்லாத நல்ல கண்ணாடி. படம் என்ன என்று பார்க்கவே இல்லை. மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் வைத்து அட்டையைப் பிரித்தேன். முதல் படம் கையில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மரப்பாலம். பாலத்தின் மேல் நாலைந்து பேர் குனிந்து ஓடுகிறார்கள், தலையில் ஓலைத் தொப்பி. மேலே இருந்து மழை. அந்த மழையைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தாரையும் ஒரு கோடு. மயிரிழை மாதிரி, ஒன்றோடொன்று முட்டாமல், தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் ஒரே கனம். நான் வைரம் வைத்துக் கண்ணாடியில் இழுக்கிற கோடு அது. இந்த உலகத்தில் இன்னொருத்தனும் அப்படி இழுக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

துரையிடம் பட்லராக இருந்தவர் சொன்னார். துரையின் அப்பா உலகச் சண்டைக்கு முந்தி கப்பலில் போய் ஜப்பானில் வாங்கி வந்த படங்களாம். இன்னொன்றில் பனி விழுகிற கோயில். ஒன்றில் படகு. ஒன்றில் குடை பிடித்த பொம்பளை. விற்க மனசு வரவில்லை. தேக்குச் சட்டங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு, ஒன்பது படத்தையும் கடையில் இருந்த பத்துக்குப் பதினாலு சட்டத்தில் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டேன்.

அங்கேதான் வெட்டு. படம் ஒவ்வொன்றுக்கும் சுற்றி விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் இருந்தது. பத்துக்குப் பதினாலில் அது இடம் கொள்ளாது. ஸ்கேலை வைத்து நாலு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டேன். இடது பக்க ஓரத்தில் ஏதோ எழுத்தும் இரண்டு சிவப்பு முத்திரையும் இருந்தன. தமிழ் எழுத்தே எனக்குத் தகராறு. கடைக்காரன் விலாசம் போல என்று நினைத்தேன்.

வெட்டின ஓரத்தைக் குப்பையில் போட்டேனா என்றால், இல்லை. அதைக் கேளுங்கள். பிரேம் வேலையில் கடைசியாக ஒன்று உண்டு. பின்பக்கம் அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்து இருக்கும். அதில் பூச்சி போகும், இந்த ஊர்ப் பனியும் போகும். அந்தச் சந்தை அடைக்க நாலு பக்கமும் தாளை ஒட்டுவோம். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின மைதா பசை, பழைய செய்தித்தாள். எல்லாக் கடையிலும் அதுதான். ஆனால் இந்த ஜப்பான் ஓரத்தைக் கையில் இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. துணி மாதிரி தாள். அந்த வாரம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைச்சனம் வாங்கிப் போக எக்கச்சக்கமாக பிரேம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு படத்தின் நாலு ஓரம் ஒரு பிரேமுக்குச் சரியாக வந்தது. ஒன்பது படத்தின் ஓரம், ஒன்பது பிரேம். ஒட்டி, அதன் மேல் என் கடைச் சீட்டையும் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். நல்ல தாளை வீணாக்காமல் வேலைக்கு ஆக்கினேன் என்று அன்றைக்குப் பெருமை வேறு.

அதற்குப் பிறகு எனக்கு ஜப்பான் படப் பைத்தியம் பிடித்தது. எங்கே மழைக்கோடு மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் கால் நின்றுவிடும். ஒரு ஓட்டலில் சமையற்கட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போடப் போனேன். கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டைக்குப் பதிலாக ஆணியடித்து வைத்திருந்தது ஒரு ஜப்பான் படம், கொக்கு இரண்டு நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கழற்றி வந்தேன். செவ்வாய்ப்பேட்டை பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் கிடந்த காகிதத்துக்குள் நாலு கிடைத்தது. பங்களாவில் ஆயாவாக இருந்த ராசாத்தி தன் தகரப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு மீன் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். அதற்கு ஒரு ஆளுயரக் கண்ணாடியை மாற்றாகக் கொடுத்து, ஈரத்துணி போட்டு மூன்று நாள் ஊறவைத்து, ஒரு செதில் கூடப் போகாமல் உரித்து எடுத்தேன். ஒட்டினதை உரிப்பதில் என் கைக்கு ஈடு இல்லை. எண்பத்தாறு முடிவதற்குள் இருபத்து மூன்று படம் சேர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரி கண்ணாயி சொல்வாள், "ஏனுங்க, மத்தவங்க ஊட்டுல தாத்தா பாட்டி படம் தொங்குது. நம்மூட்டுல மட்டும் யாரு பெத்த சனமோ குடையப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம் தேவசிகாமணி மாஸ்டர் கடைக்கு வந்தார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டிராயிங் மாஸ்டர். மெட்ராசில் படம் போடப் படித்தவர். ஜப்பான் படம் வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மனுசன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தார். மழைப் படத்துக்கு முன்னால் கால் மணி நேரம்.

"பிரஷ்ல எப்படிங்க மாஸ்டர் இந்தக் கோட்டை இழுத்தான்?" என்றேன்.

"பிரஷ் இல்லீங்க அண்ணா. கத்தி. மரப்பலகையில செதுக்கி, மை தடவி, தாளை மேல வெச்சுத் தேய்ச்சு எடுக்கறது. படம் வரையறவர் ஒருத்தர். மரம் செதுக்கறவர் ஒருத்தர். தேய்ச்சு அச்செடுக்கறவர் ஒருத்தர். இந்த மழையை இழுத்தது செதுக்கினவரோட கை."

 வெட்டுகிற கை! நான் நினைத்தது சரி!

மாஸ்டர் கிட்டத்தில் போய்ச் சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். "ஓரம் உள்ள மடிச்சு இருக்குதுங்களா?"

"ஓரமா? அதை நான்தான் வெட்டினேன். எப்படி இருக்குது பாத்தீங்களா? இந்த மாதிரி நேரா வெட்ட மெட்ராசுல கூட ஆள் கிடையாது."

மாஸ்டர் சட்டத்தை விட்டு நகர்ந்தார். அடுத்த படத்தைப் பார்த்தார். அதற்கடுத்தது. ஒன்பதையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படம் போட்டவர் பேரு படத்துக்குள்ளயே இருக்கும். செதுக்கினவரு, அச்செடுத்தவரு ரெண்டு பேரு பேரும் இந்த மாதிரிப் படங்கள்ல ஓரத்துலதான் இருக்கும். ஓரம் போனா, அவங்க யாருன்னே இல்லாமப் போயிரும் அண்ணா."

கண்ணாயி காப்பி கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை.

அந்த மழையை இழுத்தவன் பேரை என் கத்தியாலேயே வெட்டி எறிந்திருக்கிறேன். எறிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அதன் மேல் என் பேரை ஒட்டி வைத்திருக்கிறேன்.

அன்றையிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. ஒரே வாரத்தில் இரண்டு கண்ணாடி கையில் உடைந்தது. பத்து வருஷத்தில் நடக்காத காரியம். ஒன்பது பிரேமும் யார் யார் வீட்டுக்குப் போனது என்று மண்டைக்குள் தேடிக்கொண்டே இருந்தேன். எனக்கு எழுத்துதான் வராது, ஞாபகம் இரும்பு மாதிரி. எந்த ஊருக்கு எந்தச் சாமி போனது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் வந்ததும் டி.வி.எஸ். வண்டியை எடுத்தேன்.

முதலில் வாழவந்தி. ஏற்றத்தில் வண்டி இழுக்காது, பெடல் மிதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கே பொன்னுவேல் என்கிற விவசாயி வீட்டில் முருகன் படம். பழைய பிரேமுக்குப் புது அட்டை, புதுக் கண்ணாடி ஓசியில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"கண்ணாடிக்காரரு ஓசியில குடுக்கறாரா! மழ கிழ வரப்போகுதா? நெசத்தைச் சொல்லுங்க."

மறைக்கத் தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். "இந்தப் படத்துக்குப் பின்னால ஒரு ஜப்பான்காரன் பேரு இருக்குதுங்க. அது எனக்கு வேணும்."

பொன்னுவேல் விழுந்து விழுந்து சிரித்தார். "முருகனுக்குப் பின்னால ஜப்பான்காரன் எதுக்குங்க ஒளிஞ்சிருக்கான்? கடன்காரனா?"

படத்தைத் திருப்பினேன். இருந்தது. பசை மஞ்சளாகி, ஓரம் மட்டும் நேற்று ஒட்டின மாதிரி. நாலு எழுத்து, இரண்டு சிவப்பு முத்திரை. ஈரத்துணி போட்டு ஊறவைத்து அங்கேயே உரித்தேன். அன்றைக்கு ஏற்றத்தில் பெடல் மிதித்ததே தெரியவில்லை.

அடுத்த நாலு ஓரமும் நாலே வாரத்தில் கிடைத்தன. வீட்டில் ஒரு நாள் கண்ணாயி அடுப்படியில் இருந்து கத்தினாள். "மலை மலையாத் தேடறீங்களே, நம்மூட்டு லட்சுமியைத் திருப்பிப் பாத்தீங்களா?" பார்த்தேன். இருந்தது. ஆறாவது ஓரம் பன்னிரண்டு வருஷமாக என் வீட்டு அரிசிப் பானைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது.

அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. காளியண்ணன் பழைய படத்துக்குப் பின்னால் தங்கத் தகடு ஒளித்து வைத்திருக்கிறான், இப்போது அதைத் திரும்ப எடுக்கிறான் என்று. பஸ்ஸில் ஏறினால் ஆளாளுக்கு என்னைப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா நேராகவே கேட்டாள், "ஏனுங்க, எங்கூட்டு விநாயகருக்குப் பின்னால எத்தனை பவுனுங்க வெச்சீங்க?"

மலை மேல் எத்தனை வீட்டில் படத்தைக் கிழித்துப் பார்த்தார்களோ தெரியாது. எனக்கு வேண்டிய மூன்றில் இரண்டு அதில் போயிற்று. ஒன்றை நார் நாராகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். இன்னொன்றில் பாதி முத்திரை மிஞ்சியது. அந்தப் பாதியையும் கொண்டு வந்து வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் புதுப் படம் போட்டுக் கொடுத்தேன், என் வாயைத் தவிர யாரைத் திட்ட முடியும்?

மீதி ஒன்று. அதுதான் மழைப் படத்தின் ஓரம். எப்படித் தெரியும் என்றால், அந்த ஒன்றில் மட்டும் என் வெட்டு ஒரு நூல் உள்ளே போய்விட்டது. பாலத்துக் காலின் கறுப்பு ஒரு நூல் அளவு ஓரத்தோடு போயிருந்தது. இதை நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. கிடைத்த எந்த ஓரத்திலும், மிஞ்சின பாதியிலும் அந்தக் கறுப்பு இல்லை. எரிந்துபோனது பெருமாள் படம். அதற்கு ஓரம் ஒட்டினபோது மழைப் படத்தை நான் வெட்டவே இல்லை. மழை எந்தப் படத்துக்குப் பின்னால் போனது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது சாமி படமே இல்லை.

எழுபத்தைந்தில் திருவிழாவுக்கு முந்தின நாள் செம்மநத்தத்திலிருந்து ஒரு பொம்பளை வந்தாள். பெயர் பாவாயி. எஸ்டேட் கூலி. புருஷன் ஐயாக்கண்ணு அந்த மாசியில்தான் மரத்திலிருந்து விழுந்து செத்திருந்தான். கையில் ஒரு போட்டோ. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது, அந்தக் கடையும் மூடியாயிற்று. "இது ஒண்ணுதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கடைப்படியில் உட்கார்ந்திருந்தாள், நான் வேலையை முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மனசு கேட்காமல், இருக்கிற தாளிலேயே நல்ல தாளாகப் போடுவோம் என்று, மழைப் படத்தின் ஓரத்தை எடுத்து அதற்கு ஒட்டினேன்.

புரட்டாசியில் செம்மநத்தம் போனேன். பாவாயிக்கு இப்போது தலை பாதி நரைத்திருந்தது. ஓட்டு வீடு. சுவரில் ஐயாக்கண்ணு, பிளாஸ்டிக் மாலையோடு. கண்ணாடியில் நெற்றிக்கு நேராகப் பொட்டு. விஷயத்தைச் சொன்னேன். தங்கம் இல்லை என்று முதலிலேயே சத்தியம் பண்ணினேன்.

"அவரை இப்ப எறக்க முடியாதுங்க."

"அரை மணி நேரம் அம்மிணி. திருப்பிப் பாத்துட்டு மாட்டிருவேன்."

"பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்பத்தான் எறக்குவேன். வருசத்துக்கு ஒருக்கா. நெனச்சப்ப எறக்கி நெனச்சப்ப மாட்டறதுக்கு அவரு என்னங்க சட்டையா?"

பொங்கலுக்கு நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதத்தை எப்படிக் கழித்தேன் என்று கண்ணாயியைக் கேட்டால் சொல்வாள். ஐப்பசி மழை பிடித்தது. ஏற்காட்டு மழை தெரியுமல்லவா, மேலிருந்து மட்டும் வராது, ஜன்னல் வழியாகப் பனியாக நுழைந்து பெட்டிக்குள் இருக்கிற துணியையும் நனைக்கும். பாவாயி வீட்டுச் சுவரில் ஒழுகின தடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்தத் தடம் ஐயாக்கண்ணுவுக்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. கடையில் பிரேமுக்கு பீடிங் கட்டை அறுத்துக்கொண்டிருப்பேன், தகரக் கூரையில் மழை விழும், ரம்பத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து செம்மநத்தம் பக்கம் வானம் எப்படி என்று பார்ப்பேன்.

"கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அலையறீங்க" என்றாள் கண்ணாயி. "கல்யாணத்துக்கு முந்தி என்னைப் பாக்கக்கூட இத்தனை தடவை வரலீங்க."

எட்டு நாளைக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போனேன். ஒரு தடவை தார்ப்பாய். ஒரு தடவை பத்து ஓடு வாங்கிப் போய், நானே கூரை மேல் ஏறி மாற்றினேன். மூன்றாவது தடவை தலை தெரிந்ததுமே பாவாயி ஆரம்பித்தாள்.

"மறுக்காவும் வந்துட்டீங்களா கண்ணாடிக்காரரே! எம்பட ஊட்டுக்காரரு உசுரோட இருந்தப்பக்கூட அவரைப் பாக்க இத்தனை தடவை ஆரும் வந்ததில்லீங்க."

"ஒழுகுதான்னு பாக்க வந்தேன்."

"கூரையைப் பாக்கோணும். நீங்க அவரைத்தான் பாக்கறீங்க."

உண்மைதான். சுவரைத்தான் பார்த்தேன். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருவது மாதிரி எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

எண்பத்தெட்டு தை பிறப்பதற்கு மூன்று நாள் இருந்தபோது சொல்லி அனுப்பினாள். தேவசிகாமணி மாஸ்டரும் கூடவே வந்தார், வண்டியின் பின்னால் ஒரு மெத்தைத் துண்டு போட்டு. மஞ்சள் வெயில் அடித்தது. சாமானெல்லாம் வாசலில். சுண்ணாம்பு வாளி. பாவாயி உள்ளே போய், இரண்டு கையாலும் ஐயாக்கண்ணுவைத் தூக்கி வந்து, பாய் மேல் துண்டை விரித்து, முகம் கீழே இருக்கும்படி வைத்தாள்.

முதலில் என் கடைச் சீட்டுதான் தெரிந்தது. அதன் ஒரு முனை ஈரத்தில் பெயர்ந்து நின்றது. அதற்கடியில் இடது ஓரம். நாலு எழுத்து. ஒரு சிவப்பு முத்திரை முழுசாக, இன்னொன்று என் சீட்டுக்கு அடியில். ஓரத்தின் விளிம்பில் பாலத்துக் காலின் கறுப்பு, ஒரு நூல்.

"இதேதானுங்களா?" என்றார் மாஸ்டர். தலையை ஆட்டினேன்.

விரலால் அட்டையை அழுத்திப் பார்த்தேன். பொதுக்கென்று உள்ளே போனது. அட்டை என்று ஒன்று இல்லை. பூச்சி தின்று மாவாகி, அந்த மாவு ஈரத்தில் கட்டியாகி இருந்தது. சுற்றி ஒட்டின ஜப்பான் தாள்தான் அத்தனையையும் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேமைத் தூக்கி முன்பக்கம் பார்த்தேன். நான் பயந்தது சரி. போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. முகம் முழுக்கக் கண்ணாடியில்தான் இருந்தது.

மற்ற ஆறிலும் ஈரத்துணி வைத்தேன். இதில் துணி வைத்தால் அட்டை மாவு தண்ணியைக் குடித்து நேராக போட்டோவுக்குக் கொடுக்கும், முகம் கரைந்துவிடும். தண்ணி இல்லாமல் பிளேடை விட்டால் தாள் இரண்டாக உரியும், பிடி விட்டு அட்டை கொட்டும், அதோடு போட்டோவின் மேல்தோல் வரும். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நின்றது. முருகன் போனால் வேறு முருகன் வாங்கி மாட்டலாம். ஐயாக்கண்ணுவுக்கு வேறு போட்டோ இல்லை.

பாவாயி என் எதிரில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். கடைப்படியில் உட்கார்ந்த அதே மாதிரி.

"எடுத்துக்கங்க" என்றாள். "நாலு மாசமா அலையறீங்க, கூரையெல்லாம் மாத்திக் குடுத்தீங்க. நான் தடுக்கலீங்க. ஆனா அவரு மொகத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னாப் போதும். உங்க கையைப் பத்தித்தான் மலையே பேசுதே."

பிளேடு கையில் இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஆகாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இருபது வருஷமாக அதைச் சொல்லித்தானே பிழைத்தேன்.

"சொல்ல முடியாது அம்மிணி" என்றேன். "இதை என்னால எடுக்க முடியாது."

பாவாயி நம்பவில்லை. "நெசமாவா? உங்களாலயே முடியாதுங்களா?"

"ஆராலயும் முடியாது" என்றேன். அதுவும் உண்மைதான். என்னால் முடியாதது வேறு யாரால் முடியும்?

மாஸ்டர் மெல்லிய தாள் ஒன்றை வைத்து எழுத்தைப் பென்சிலால் பிரதி எடுத்துக்கொண்டார். "இது போதுமே அண்ணா, படத்துக்குக் கீழ ஒட்டிக்கலாம்" என்றார். எனக்கு அது போதவில்லை. அவன் கை வைத்த முத்திரை வேறு, மாஸ்டர் பென்சில் வேறு.

பெயர்ந்து நின்ற என் கடைச் சீட்டைப் பார்த்தேன். நகத்தால் தொட்டேன், தானாக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஊதி ஊதிச் சுரண்டினேன். 'ஏற்காடு' போயிற்று. 'ஒர்க்ஸ்' போயிற்று. கடைசியாக 'காளியண்ணன்' போனதும் இரண்டாவது முத்திரை தெரிந்தது. சின்ன வட்டம், குங்குமச் சிவப்பு. அட்டையைத் தொடாமல் பின்னால் ஒரு மெல்லிய தகரம் வைத்து, ஓரம் தெரிகிற மாதிரி இடம் விட்டுச் சட்டத்தில் ஆணி இறக்கினேன். இனி அசையாது.

அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தும் உட்காரவில்லை. மழைப் படத்துக்கு முன்னால் நின்றேன், போனேன், வந்தேன். கண்ணாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். அவளாகவேதான் சொன்னாள்.

பொங்கல் அன்றைக்குக் காலையில் படத்தைக் கழற்றினேன். பத்துக்குப் பதினாலு சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேக்கில் புதுச் சட்டம் செய்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் இடைவெளி விட்டு, பின்னால் இரட்டை அட்டையும் தகரமும் வைத்தேன். இந்த மலையில் அப்படி ஒரு பிரேம் இதுவரைக்கும் போட்டதில்லை, இனிமேலும் யாரும் போட மாட்டார்கள். துணியில் சுற்றி மடியில் வைத்து, கண்ணாயி பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

ஐயாக்கண்ணுவுக்குப் பக்கத்தில், ஒரு விரல் இடைவெளியில் மாட்டினேன். ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே படம் வந்துவிட்டது.

பாவாயி தள்ளி நின்று பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள், ஓடுகிறவர்களைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இப்பத்தான் எங்கூடு ஒழுகாம இருக்குது. இதுல படத்துலயும் மழையைக் கொண்டாந்து மாட்டறீங்க."

கண்ணாயி சிரித்த சிரிப்பில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

பாவாயி உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்தாள். ஐயாக்கண்ணுவுக்கு வைத்தாள். பிறகு மழைப் படத்தின் முன்னால் யாருக்கு வைப்பதென்று தெரியாமல் விரலை நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் பாலத்தில் முதலில் ஓடுகிற ஆளுக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள்.  கண்ணாடிதானே, துடைத்தால் போய்விடும். ஆனால் துடைக்கவில்லை.

இப்போது வருஷம் தொண்ணூற்று நாலு. என் வீட்டில் இருபத்திரண்டு படம், செம்மநத்தத்தில் ஒன்று. ஊரார் யாராவது கேட்டால் பாவாயி, "அது எம்பட ஊட்டுக்காரரோட கூட்டாளிங்க" என்கிறாளாம். அந்த வீட்டுக்கு ஓடு மாற்றினது நான். பிரேம் போட்டது நான். இரண்டும் ஒழுகாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஐப்பசியில் கடைத் தகரக் கூரையின் மேல் முதல் தூறல் விழுந்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறேன்.